மூன்றாம் பங்குக் கரை

ஆடி 10, செவ்வாய்

இன்றைக்கு ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான், அத்தாயி. என் ஓரகத்தி பொன்னுருவி. மேட்டுத்தெரு கந்தாயி, அவள் மருமகள் சாந்தாமணி. காது கேளாத பாவாயி. மண் மூட்டை தூக்க வந்த செங்கோடன். இன்ஜினியர் பிள்ளை நிலவழகி. எதிர்க்கரையில் ஆடு மேய்த்த கூத்தனையும் சேர்த்தால் எட்டுப் பேர். கந்தாயி கட்டியிருந்தது மயில்கழுத்துச் சேலை, போன பொங்கலுக்கு மூத்த மகள் எடுத்துக் கொடுத்தது, முந்தானையில் ஒரு ஓட்டை. நான் நாலு மாசம் அறிவொளியில் படித்தவள்தான். ஆனால் பார்த்தது எதுவும் எனக்கு மறக்காது.

ஏரித் தண்ணி ஊர்ப்பக்கக் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. மூணு வருஷத்துக்கு முன்னே புளியமரத்தைத் தின்றது. போன வருஷம் களத்து மேட்டில் பாதி. அதனால்தான் இந்த வேலை.

"கல்லுல கட்டிப்புட்டா ஆகாதுங்களா மேடம்?" என்றான் செங்கோடன்.

"கல்லுல அலை மோதித் திரும்புறப்ப அடி மண்ணை வழிச்சுட்டுப் போயிரும்ண்ணா. வேர் புடிச்ச சுவர்னா அலையோட வேகத்தை வாங்கிக்கும். மண்ணையும் விடாது" என்றது அந்தப் பிள்ளை.

மண் நிரப்பின நார்ச் சாக்குகளைப் படிப்படியாய் அடுக்கணும். ஒவ்வொரு படிக்கும் இடையில் பூவரசங் கிளையில் வெட்டின போத்துகளைச் சொருகணும். போத்து வேர்விட்டுச் சாக்கையும் கரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கரையை மூணு பங்காய்ப் பிரித்திருக்கிறார்கள். மூணாவது பங்குக்குப் பின்னால் பதினோரு எட்டு வைத்தால் பொன்னுருவி வீட்டுப் பின்சுவர்.

நடவுக்குப் பொன்னுருவி தலைமை. போத்து வெட்டுகிறது நான். அடிப்பக்கம் சாய்வாய்ச் சீவணும், நுனிப்பக்கம் மட்டமாய் வெட்டிச் சாணி அப்பணும். நடுகிறவர்கள் சீவின முனையைப் பார்த்து மண்ணுக்குள் இறக்குவார்கள். மத்ததை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை.

காலையில் வந்ததும், ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் வரணும் என்று கேட்டேன். "இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போக்கா. செத்த நேரம் பொறுத்தா ஒண்ணும் கெட்டுப் போயிராது" என்றாள் பொன்னுருவி. எதுக்குப் போகணும் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போத்தெல்லாம் சொன்னபடி வெட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து ஆட்டுக்குத் தண்ணி வைத்தேன். ராத்திரிக்குக் கம்பங்களி.

ஆடி 11

கை வலி. வேறொன்றும் இல்லை.

ஆடி 31, செவ்வாய்

முதல் பங்கில் துளிர் வந்துவிட்டது. எலிக்காது மாதிரி. இரண்டாம் பங்கிலும் வந்துவிட்டது. சாந்தாமணி ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். "அத்தை, உங்க கைராசிய பாருங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

மூணாம் பங்கில் ஒன்றும் காணோம். அதற்கென்ன அவசரம், வரும்.

மருமகள் தேன்மொழி மெஷினில் மாவு அரைக்கப் போய் ரெண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கேட்டால் கரண்ட் இல்லை என்கிறாள். கரண்ட் இருந்தது.

ஆவணி 9

நிலவழகி வந்து பார்த்தது. மூணாம் பங்கில் எண்பது அடிக்குப் போத்து எல்லாம் கருத்து நிற்கிறது. ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. உள்ளே பச்சை இல்லை.

"ஒரே நாள்ல நட்டது, ஒரே மரம். இங்க மட்டும் ஏன்?"

கந்தாயி முந்திக்கொண்டாள். "தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க மேடம். அவங்க ஊட்டுக்குப் பொறத்தாலதானே, அப்பறமா ஊத்திக்கலாம்னு உட்ருப்பாங்க."

நான் பொன்னுருவியைப் பார்த்தேன். அவள் கந்தாயியைச் சண்டைக்கு இழுப்பாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"நான் இன்னங் கொஞ்சம் பாத்திருக்கோணும் மேடம். எம்பேர்லதான் தப்பு" என்றாள்.

நடவுத் தலைமையைக் கந்தாயிக்கு மாற்றிவிட்டார்கள். கந்தாயி அப்போதே குரலை மாற்றிக்கொண்டாள். "பாவாயி, அந்தச் சாக்க நவுத்து!" பாவாயிக்கு எங்கே கேட்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. பல்லில் வலி இருக்கிறது, அதனால்தான்.

ஆவணி 12

விடிந்ததும் ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஏரிப்பக்கம் போனேன். பொன்னுருவி குடத்தில் தண்ணி மொண்டு மூணாம் பங்குக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நான் தழை ஒடித்து முடிக்கிறதுக்குள் இருபத்திரண்டு குடம். அவளுக்கு முட்டி வீங்கும். ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவில் குத்த வைத்து உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்கிறாள்.

செத்த குச்சிக்குத் தண்ணி ஊற்றுகிறாள்.

"நிறுத்து புள்ள" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தழை கொஞ்சமாய் ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆடு பூராவும் தின்றுவிட்டுக் கத்தியது.

ஆவணி 13

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், தேன்மொழிக்கு என் எழுத்துப் புரியாது.

நாப்பது வருஷத்துக்கு முன்னே, இதே ஆடி பத்து. என் மூத்த பெண் செல்லக்கிளிக்கு வயசு பதினோரு மாசம். விடிகாலையிலிருந்து காய்ச்சல், மத்தியானம் கண்ணைச் சொருகிவிட்டாள். ஊரில் வண்டி இருந்தது பொன்னுருவி புருஷனிடம் மட்டும். அவர் சந்தையிலேயே இருந்தார், வண்டியைப் பண்ணையாள் அப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பொன்னுருவி வாசலில் நின்றாள்.

"மாடு இப்பத்தான் வந்து நிக்குது. தண்ணி காட்டிட்டுப் பூட்டச் சொல்றேன். செத்த நேரம் பொறுத்தா ஒண்ணும் கெட்டுப் போயிராதுக்கா."

மாடு ரெண்டு தொட்டி தண்ணி குடித்தது. செவலை மெதுவாய்க் குடித்தது. மயிலை சீக்கிரம் குடித்துவிட்டு நின்றது. அப்புறம் பூட்டினார்கள். ஆசுபத்திரிக்குப் போகிற வழியில், ரயில்வே கேட்டு தாண்டினதும், பிள்ளையின் உடம்பு கனத்துப்போனது.

அன்றைக்குப் பொன்னுருவிக்குப் பதினெட்டு வயசு. கல்யாணமாகி நாலு மாசம். மாடு நுரை தள்ளிக்கொண்டு நின்றது உண்மைதான். இதெல்லாமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன.

வருஷா வருஷம் ஆடி பத்து அன்றைக்குப் பிள்ளையைப் புதைத்த இடத்தில் பால் ஊற்றிவிட்டு வருவேன். அதுக்குத்தான் ஒரு மணி நேரம் கேட்டேன். அதே நாள், அதே வாயில், அதே சொல்.

ஆவணி 20

ரேஷனில் துவரம் பருப்பு போடவில்லை. இருபத்தி நாலு குடம்.

ஆவணி 27

ஆடி பத்து அன்றைக்கு மத்தியானம் நான் செய்தது.

நடுத்துண்டாய்ப் பொறுக்கினேன். பூவரசங் கிளையில் நடுத்துண்டு எடுத்தால் அடியும் நுனியும் ஒரே பருமன், யாருக்கும் சட்டென்று தெரியாது. நுனிப்பக்கத்தைச் சாய்வாய்ச் சீவினேன். அடிப்பக்கத்தை மட்டமாய் வெட்டி அதில் சாணியை அப்பினேன். இருநூற்றிப் பத்துப் போத்து. எந்தப் பங்குக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று முந்தாநாள் வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நானே கட்டாய்க் கட்டி, நானே தூக்கிக்கொண்டு போய், மூணாம் பங்கில் போட்டேன்.

பொன்னுருவி குனிந்து கட்டைப் பிரித்தபோது சாந்தாமணி, "ஒருக்கா பாத்துக்கட்டுமா சின்னத்தை?" என்று கேட்டாள்.

"அத்தாயக்கா வெட்டுனதை என்னத்தப் பாக்கறது? கண்ண மூடிட்டு எறக்கு புள்ள."

இறக்கினார்கள். எல்லாம் தலைகீழாய். நான் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாய் இருந்தது. அதையும் எழுதித்தானே ஆகணும்.

போத்து பட்டுப்போனால் அவளுக்குக் கெட்ட பேர் வரும், நாலு பேர் முன்னால் தலை குனிவாள் என்று நினைத்தேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். மழைக்காலத்தை நினைக்கவில்லை.

புரட்டாசி 3

சோத்து நேரத்தில் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனதும் மூணாம் பங்குக்குப் போனேன். மடியில் புதுப் போத்து பதினைந்து. செத்ததைப் பிடுங்கிவிட்டு நல்லதாய்ச் சொருகினேன். ஒன்பதாவது சொருகும்போது நிழல் விழுந்தது. பொன்னுருவி.

"என்னக்கா பண்றே?"

"சும்மா. ரெண்டு மாத்தி நட்டா வருதான்னு பாக்கறேன்."

நான் பிடுங்கிப் போட்டிருந்த ஒன்றை அவள் எடுத்தாள். திருப்பினாள். இலை உதிர்ந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். தழும்புக்கு மேலே இருக்கவேண்டிய முளை தழும்புக்குக் கீழே இருந்தது. அப்புறம் தண்ணிக்குள் எறிந்துவிட்டாள்.

"வெயில்ல நிக்காத. மோர் இருக்குது, குடிச்சுட்டு வா" என்றாள்.

அவளுக்குக் கண் மங்கல். கண்ணாடி போன வருஷமே உடைந்துவிட்டது. ஒன்றும் தெரிந்திருக்காது.

மோர் நன்றாய்த்தான் இருந்தது.

புரட்டாசி 4

விடியக்காலை போனேன். பொன்னுருவி தண்ணி ஊற்றவில்லை. கையில் பாரை வைத்துக்கொண்டு செத்த போத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு கட்டுப் பூவரசங் கிளை.

"நீ வெட்டு, நான் நடறேன்" என்றாள்.

வெட்டினேன். ஒவ்வொரு போத்தையும் ரெண்டு தடவை, மூணு தடவை பார்த்து வெட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, திருப்பிப் பார்த்து, அப்புறம் இறக்கினாள்.

புரட்டாசி 19

தொண்ணூற்றி ஆறு மாற்றியிருக்கிறோம். மரத்தில் கிளை இல்லை. அடுத்த ஊர் மரத்தில் வெட்ட ஆள் விடணும் என்றால் கந்தாயி, "அதுக்கு மேடத்தக் கேக்கோணும், நான் தலைமை" என்கிறாள். மேடம் பதினைந்து நாளாய் வரவில்லை.

போன் பண்ணிச் சொன்னால் அந்தப் பிள்ளை வரும். கிளைக்கு ஏற்பாடு பண்ணும். ஏன் பட்டது என்று கேட்கும். நம்பர் என்னிடம் இருக்கிறது, செல்லிலும் இருக்கிறது, மனசிலும் இருக்கிறது. தேன்மொழியிடம் செல்லை வாங்கினேன். கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"யாருக்கத்தை?"

"யாருக்குமில்ல. மணி பாத்தேன்."

புரட்டாசி 26

இன்றைக்கும் செல்லை வாங்கினேன். இன்றைக்கும் மணி பார்த்தேன்.

ஐப்பசி 2, புதன்

மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது. மூணாம் பங்கில் நாங்கள் மாற்றினதில் துளிர் வந்திருக்கிறது. பிடுங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், வேர் விரல் நீளம்கூட இருக்காது.

ஐப்பசி 6

மழை.

ஐப்பசி 7

மழை. ஏரி மேல்படிச் சாக்கு வரைக்கும் ஏறிவிட்டது. அலை அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. முதல் பங்கு நிற்கிறது. இரண்டாம் பங்கும் நிற்கிறது, பூவரசு இடுப்பு உயரத்துக்கு வந்து அலையில் ஆடிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கமாய்ப் போகிறவர்கள் எல்லாரும் நின்று அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஐப்பசி 9, புதன்

காலை பத்து மணிக்கு மூணாம் பங்கு போய்விட்டது.

சாக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாய்ச் சரிந்து உள்ளே போனது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையே. எங்கள் தொண்ணூற்றி ஆறும் துளிரோடு போனது. அப்புறம் கரை. அந்தப் பதினோரு எட்டு மண்ணும் கரைகிறதுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பொன்னுருவி வீட்டுப் பின்சுவர் வெளியே சாய்ந்து விழுந்தது. சமையல் ரூமும் மாட்டுக் கொட்டகையும் போனது. மாட்டை செங்கோடன் முன்னாலேயே அவிழ்த்துவிட்டிருந்தான். உயிர்ச் சேதம் இல்லை, அவள் முன்ரூமில் இருந்தாள்.

போய் நின்றேன். பொன்னுருவி குடையில்லாமல் நின்று தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கொடுத்த வெங்கலப் பானை ஏரியில் மிதந்துகொண்டு போனது. கவிழவே இல்லை. வெகுதூரம் நேராய் நின்றபடி போனது.

"வா, ஊட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன். நாப்பது வருஷத்தில் அவள் கையை நான் தொட்டது இல்லை. குளிர்ந்து கிடந்தது.

ஐப்பசி 12

பொன்னுருவி எங்கள் வீட்டில் இருக்கிறாள். மகன் திருப்பூரில் ஒரே ரூமில் இருக்கிறானாம், அங்கே கூப்பிட முடியாது என்று அழுதானாம். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுக்கிறேன். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

காலையில் எழுந்து வாசல் கூட்டுகிறாள். பாத்திரம் விளக்குகிறாள். தேன்மொழிக்கு ஒரே குஷி. "சின்னத்தை இருந்தா ஊடு ஊடாட்டம் இருக்குது" என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள்.

எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

ஐப்பசி 18

செல்லக்கிளி செத்துப்போன அந்த வருஷம் முழுக்க எனக்குச் சோறு உள்ளே போகவில்லை. இப்போது போகிறது. உப்பு உறைப்பு எல்லாம் தெரிகிறது. அதுதான் எனக்குப் பயமாய் இருக்கிறது.

ஐப்பசி 25, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. வேப்பமரத்தடியில் கூட்டம். நிலவழகியோடு இன்னும் ஒரு பெரிய இன்ஜினியர் வந்திருந்தார், தலை நரைத்தவர். ரெண்டு பங்கு நின்றது, ஒரு பங்கு ஏன் போனது என்று எழுதிக் கொடுக்கணுமாம். எழுதிக் கொடுத்தால்தான் தையில் மறுபடி வேலை.

கந்தாயி பழைய பாட்டையே பாடினாள். "நான் அப்பவே சொன்னேனுங்க, தண்ணி ஊத்துலீங்க."

நான் எழுந்தேன். காலையிலேயே எழுந்திருக்கிறது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். குளித்துவிட்டு வேற சேலை கட்டிக்கொண்டு போனேன்.

"தண்ணியெல்லாம் ஊத்துனா. ஒரு நாளைக்கு இருவது குடத்துக்குக் கொறையாம ஊத்துனா. தப்பு என்னுது. நாந்தான் போத்தத் தலைகீழா வெட்டிக் குடுத்தேன். வேணுமின்னே வெட்டுனேன். இருநூத்திப் பத்து."

செங்கோடன் பீடியைக் கீழே போட்டான். பாவாயி பக்கத்தில் இருந்தவளைச் சுரண்டி "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

நரைத்த இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். "வேணும்னே வெட்டுனீங்களா? ஏம்மா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள் பொன்னுருவி எழுந்துவிட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க சார். போத்து சரியாத்தான் இருந்துச்சு. நட்டவ நானு, ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் நட்டேன். அந்த எடத்து மண்ணு உப்பு மண்ணுங்க, எங்க ஊட்டுச் செவுத்துலகூட உப்புப் பூக்கும். அக்காவுக்கு வயசாயிருச்சுங்க. இப்பல்லாம் ஞாபகம் தப்பித் தப்பிப் போவுது. நான் கூடவே இருக்கறனே, எனக்குத் தெரியாதுங்களா? நேத்து அடுப்பணைக்க மறந்துருச்சு."

நான் அடுப்பை அணைத்தேன். நேற்று ராத்திரி ஏழே முக்காலுக்கு அணைத்தேன், அணைத்துவிட்டு சிலிண்டரையும் மூடினேன்.

"எனக்கா ஞாபகம் தப்பும்? ஆடி பத்து, செவ்வாக்கெழம! கந்தாயி மயில்கழுத்துச் சேல கட்டியிருந்தா, முந்தானைல ஓட்ட! எதிர்க்கரைல கூத்தன் ஆடு மேச்சான்!"

கந்தாயி சிரித்துவிட்டாள். "சரி பாட்டி, சரி. உக்காருங்க." என்னைவிட ரெண்டு வயசுதான் இளையவள், பாட்டியாம். செங்கோடன் சிரித்தான். சாந்தாமணி என் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணி கொடுத்தாள், காய்ச்சல்காரிக்குக் கொடுக்கிற மாதிரி. நிலவழகி என் பக்கத்தில் குத்த வைத்து, "உங்க மேல யாரும் தப்பு சொல்லலம்மா. கவலைப்படாதீங்க" என்றது. அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது.

நரைத்தவர் உப்பு மண் என்று எழுதிக்கொண்டார். போத்து ஒன்றுகூட மிச்சமில்லை, காட்டுவதற்கு. எல்லாம் ஏரிக்குள் இருக்கிறது.

தையில் போத்து வெட்டச் சாந்தாமணியைப் போடுகிறார்களாம். எனக்கு ஓய்வாம்.

ஐப்பசி 26

தேன்மொழி கடைக்குப் போனபிறகு கேட்டேன். பொன்னுருவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள பொய் சொன்னே?"

"எந்தப் பொய்?"

"உனக்குத் தெரியும். புரட்டாசி மூணாம் தேதி அந்தக் குச்சியத் தடவிப் பாத்தியே, அப்பவே தெரியும் உனக்கு."

அவள் உரிக்கிறதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"அப்பறம் என்னத்துக்கு? நாஞ்சொன்னதை ஒத்துக்கிட்டா என்ன? எல்லாரும் என்னைக் காறித் துப்பியிருப்பாங்க. நீ ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். உன்னோட ஊடு போச்சுடி!"

"துப்பிட்டு, அறைஞ்சிட்டு? அப்பறம் உனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்திருக்கும்." கத்தியை வைத்துவிட்டு என்னை நேராய்ப் பார்த்தாள். "நாப்பது வருசம் எம்மேல ஒண்ணு வெச்சிருந்தே. ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து கேட்டியா? எத்தன ஆடி பத்துக்கு உன்னோட ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன், தெரியுமா உனக்கு? கேட்டிருந்தா உன்னோட கால்ல உழுந்திருப்பேன். நீ கேக்கல. யாருக்கும் சொல்லல. அது உன்னோடதுன்னு பத்திரமா வெச்சுக்கிட்டே. இப்ப எனக்கும் ஒண்ணு கெடச்சிருக்குது. இத நான் ஊருக்குக் குடுப்பனா? இது என்னோடது. நான் வெச்சுக்கறேன்."

வெங்காயத்தை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள்.

"புளி எங்க வெச்சிருக்கே? உனக்கு ஞாபகம் இருக்குதா, நானே தேடிக்கட்டுமா?"

புளி மேல் பலகையில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால். எடுத்துக் கொடுத்தேன். கரைத்தாள். குழம்பு கொதித்தது. சாப்பிடும்போது எனக்கு முதலில் ஊற்றினாள்.

ராத்திரி அவள் கட்டிலில் தூங்குகிறாள், நல்ல குறட்டை. நான் இங்கே கீழே உட்கார்ந்து ஒவ்வொருத்தராய் நினைத்துப் பார்க்கிறேன். பொய்ப் பழி போட்ட கந்தாயி, பாட்டி என்று சிரித்த கந்தாயி, ரெண்டையும் விட்டுவிட்டேன். செங்கோடன் சிரித்ததை விட்டுவிட்டேன். பதினைந்து நாள் வராமல் இருந்த நிலவழகியை விட்டுவிட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டின பதினெட்டு வயசுப் பெண்ணையும் இன்றைக்கு விட்டுவிட்டேன், அவள் சின்னப் பிள்ளை. வேணுமென்றே போத்தைத் திருப்பி வெட்டின அத்தாயியை என்ன செய்கிறது என்று தெரியவில்லை, அதைத்தான் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்களே.

மன்னிக்க முடியாதது ஒருத்தியை. என் தப்பை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் கிடக்கிறாள். பொன்னுருவி.